மண்ணெண்ணெய் முடிந்த இடம்

நல்லூர்ப் பின்வீதி ஐஸ்கிறீம் கடையில்
எங்களைத் தனியே இருத்திவிட்டு
அண்ணியும் அவருடைய மாமாவும்
கண்ணாடிக்கு அப்பால் போய் நின்றார்கள்
பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு.

எனக்கு முப்பத்தொன்பது.
சாதகம் மடிப்பு மடிப்பாய்க் கிழிந்துவிட்டது.
சம்பளம், செவ்வாய், எந்தப் பள்ளிக்கூடம்
எல்லாம் ஏற்கெனவே கைமாறி முடிந்ததில்
கேட்க மிச்சமிருந்தது விருப்பங்கள்தான்.

என்ன புத்தகம் விருப்பம் என்றேன்.
குகதாசன் கரண்டியைக் கீழே வைத்தார்.
"சிரிக்கக் கூடாது."
"இல்லை."
"லொறி எஞ்சின் திருத்திற புத்தகம் ஒண்டு.
அட்டை இல்லை. முதல் பதினாறு பக்கமும் இல்லை.
கோப்பாயிலை பழைய இரும்புக்காரனிட்டை வாங்கினது.
இடம்பெயரேக்கை அரிசிப் பைக்குள்ளை வந்திட்டுது,
வன்னியிலை வாசிக்க வேறை ஒண்டும் இருக்கேல்லை.
குப்பி விளக்கிலை பிஸ்டனைப் பற்றி வாசிச்சால்
அழுகை வராது, தெரியுமோ.
அதிலை எல்லாத்துக்கும் காரணம் இருக்கு.
புகை கறுப்பெண்டால் காத்துப் போற வழி அடைபட்டிருக்கு.
நீலமெண்டால் ஒயில் எரியுது."

ஒரு லொறியும் திருத்தியதில்லையாம்.
சங்கக் கடையில் கணக்கெழுதுகிறார்.

படம்?
"பேர் தெரியாது," என்றார்.
வாடகைக்கு எடுத்த டெக்.
சொட்டுப் பெற்றோலில் உயிர் பிடித்து
மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய ஜெனரேற்றர்.
காசு சேர்த்து முற்றத்தில் முப்பது பேர்.
கையில் கிளிக்கூண்டோடு ஒருத்தி ரயில் ஏறுகிறாள்.
கீழே நிற்பவன் ஏதோ சொல்ல வாய் திறக்கிறான்.
மண்ணெண்ணெய் முடிந்தது.

"அவன் என்ன சொல்லியிருப்பான் எண்டு
முப்பது வருசமா யோசிக்கிறன்.
பதின்மூண்டு வயசிலை, போகாதை எண்டு.
முகாமிலை இருக்கேக்கை, என்னையும் கூட்டிக்கொண்டு போ எண்டு."
"இப்ப?"
"இப்ப..." வெளியே பார்த்தார்.
"குடை எடுத்தனியோ எண்டு கேட்டிருப்பான்."

அந்தப் படம் எனக்குத் தெரியும்.
வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் இரண்டு தரம் பார்த்தேன்.
அவன் ஒன்றுமே சொல்லமாட்டான்.
பாட்டுத் தொடங்கிவிடும்.

பயணம் என்று கேட்டபிறகு நாக்கைக் கடித்தேன்.
எங்கள் வயதுக்காரரிடம் இந்த ஊரில்
யோசித்துக் கேட்கவேண்டிய சொல் அது.
அவர் விரல் மடித்தார்.
"கிளாலி கணக்கில்லை. முள்ளிவாய்க்கால் கணக்கில்லை.
கலைச்சு ஓடினதுகள் பயணமில்லை.
ஞாயிற்றுக்கிழமையிலை ஏதாவது பஸ் ஏறி
கடைசித் தரிப்பு மட்டும் போவன்.
காரைநகர், கீரிமலை, பருத்தித்துறை.
இறங்கி ஒரு பிளேன்ரீ.
பேந்து அதே பஸ்ஸிலை திரும்பிறது."
"அதிலை என்ன இருக்கு?"
"திரும்பி வாறது இருக்கு."

இனி என் முறை.
மச்சாள் சொல்லித் தந்த பதில்கள் கைவசம் இருந்தன.
ஒரு தடித்த நாவல்,
விருது வாங்கிய படம்,
சிங்கப்பூர்.
மூன்றும் ஐஸ்கிறீமோடு கரைந்து போயின.

"எனக்கு எந்தப் புத்தகமும்
கடைசிப் பக்கத்திலையிருந்துதான் தொடங்கவேணும்," என்றேன்.
"ஆர் மிஞ்சுவினம் எண்டு தெரிஞ்சால்தான்
முன்னுக்குப் போய் ஆற அமர வாசிப்பன்."

அவர் கனநேரம் பேசவில்லை.
விசிறி ஒன்று மேலே கரகரத்தது.
"அப்ப உங்களுக்கு அந்தப் படத்தின்ரை முடிவு..."
நிறுத்தினார்.
"தெரிஞ்சாலும் சொல்லிப்போடாதேங்கோ."

சொல்லவில்லை.
அண்ணி கண்ணாடியில் தட்டினார்.

திரும்பும்போது ஓட்டோவுக்குள்
ஆள் என்ன மாதிரி என்று கேட்டார்.
முன்னால் கல்லேற்றிய லொறி ஒன்று
ஆரியகுளம் சந்தி முழுக்கக் கறுப்புப் புகை கக்கிப் போனது.
"காத்துப் போற வழி அடைபட்டிருக்கு," என்றேன்.
அண்ணி மூக்கைப் பொத்திய கையை எடுக்காமலே
என்னைத் திரும்பிப் பார்த்தார்.